முடிவுக்கு உபயகாரர் இல்லை

“உம்மட சொல் நடக்காத இடத்திலதானே என்ர சொல்லுக்கு வேலை வருது! அதுதான் உமக்குக் குத்துது!”

“நீர் வாயை மூடும்! என்ர சொல்லுக்குப் பின்னால உம்மட சொல் ஒட்டிக்கொண்டு நிக்க ஏலாது. நடுவில வேற ஆரையாவது போடுங்கோ!”

“ஆரை வேணுமெண்டாலும் போடும் கனகலிங்கத்தார். கடைசியில வாறது நான்தான்!”

பற்றிஸ் பலகாரத் தட்டோடு மண்டபத்துக்குள் நுழைந்த நான், ஊரில் ஏதோ காணி வேலிப் பிரச்சினை லண்டன் வரைக்கும் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். கத்திய இருவரும் சகலன்மார். அக்காவைக் கட்டியவர் கனகலிங்கம், எங்கள் ஒன்றியத்தின் தலைவர். தங்கையைக் கட்டியவர் கோபாலகிருஷ்ணன், நோர்பரியில் இருந்து ரயில் மாறி ரயில் ஏறி இல்ஃபோர்ட்டுக்குச் சண்டை பிடிக்க வருகிறவர். ஒரு கலியாண வீட்டு வீடியோவில் ஒருவருடைய முகத்தை வெட்டி மற்றவரைக் காட்டிவிட்டார்கள் என்று பல வருசமாகப் பேச்சு இல்லை. பேச்சு இல்லை என்றால் இப்படித்தான், கத்துவது மட்டும்.

காணி இல்லை. ‘என்றால்’, ‘இல்லாவிட்டால்’ என்ற இரண்டு சொற்களுக்குத்தான் சண்டை.

கணினிக்கு வேலை சொல்லிக் கொடுப்பதற்கென்று மொழிகள் இருக்கின்றன என்பது எனக்கும் இந்தச் சங்கதி தொடங்கும்வரை தெரியாது. மழை என்றால் குடையை எடு, இல்லாவிட்டால் சும்மா போ. இப்படித்தான் அதற்குச் சொல்ல வேண்டுமாம். முதலாவது ஜெர்மனில் ‘வென்’, இரண்டாவது ‘சொன்ஸ்ற்’. ஜெர்மன்காரர் பிறந்த நாள் முதல் பேசிவருகிற சொற்கள். ஆனால் இல்ஃபோர்ட்டில் எங்கள் ஒன்றியம் இன்னும் அவற்றை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒன்றியம் என்றால் முழுப்பெயர் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தலைவர் கோபிப்பார். ‘முன்னாள் ஜெர்மனிவாழ் தமிழர் ஒன்றியம், ஐக்கிய இராச்சியம்’. முதலில் ஜெர்மனியில் அகதியாக இருந்து, பாஸ்போர்ட் கிடைத்ததும் பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு ஓடிவந்த ஆட்களின் சங்கம். ஜெர்மனியில் இருந்தபோது லண்டனைப் பற்றிப் பேசினார்கள். லண்டனுக்கு வந்த பிறகு ஜெர்மனியைப் பற்றிப் பேசுகிறார்கள். என் வீட்டுக்காரர் அங்கே நாலு வருசம் சமையலறையில் நின்றவர் என்பதால் நாங்களும் உறுப்பினர். மற்றப்படி வருடத்தில் ஒரு இராப்போசனம், ஒரு உல்லாசப் பயணம், ஒரு பிளவு. அவ்வளவுதான் வேலை. போன வருசம் உல்லாசப் பயணத்துக்கும் மழை. சும்மா இருந்த சங்கத்தின் கையில் யனுஷன் போய் மாட்டினான்.

யனுஷன் என் அடுத்த வீட்டு பாலாம்பிகையின் ஒரே மகன். தகப்பன் இல்லை. நகரத்துக்குள் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் கணினி வேலை. எலிசபெத் லைன் ரயிலில் போய், அதிலேயே வந்து, சாப்பிட்டுவிட்டு மறுபடியும் கணினிக்கு முன்னால் இருக்கிற பிள்ளை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். கட்டினவன் சிக்கனக்காரன். நான் காது வைத்துக் கேட்கிற ஆள் இல்லை. கேட்கிறது, என்ன செய்ய?

‘டோபின்’ என்று சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு கணினி மொழி. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்கள் சும்மா ஆசைக்காகச் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். பராமரிக்கிறவர் நியூசிலாந்துக்காரர். அதன் சொற்களை ஜெர்மனில் போடுவதற்கு ஆள் கேட்டார். பத்து வயது வரைக்கும் ஜெர்மனியில் படித்த யனுஷன் கை தூக்கினான். அங்கே வூப்பெர்ற்றால் என்ற ஊரில் ஜெனோஜா என்றொரு எங்கள் பிள்ளையும் கை தூக்கினாள். அவள் ஆசிரியை. அவளுடைய வகுப்பில் சிரியா, உக்ரேன் என்று புதிதாக வந்த பிள்ளைகள். இப்போதுதான் ஜெர்மன் படிக்கிறார்கள். இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாது. கணினிப் பாடத்தை ஜெர்மனில் நடத்தினால் மட்டும் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் தருவேன், இல்லாவிட்டால் அது புல்லாங்குழலுக்கு என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லிவிட்டார். டோபினின் புதுப் பதிப்பு ஆகஸ்டில் வருகிறது. அதற்குள் முப்பத்துச் சொச்சம் சொல் ஜெர்மனில் வர வேண்டும்.

இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை பின்னேரம் இருந்து எல்லாச் சொல்லையும் எழுதி முடித்துவிட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஜெர்மன் அரைகுறை. ஆனால் அந்தப் பொடியன் அவ்வளவு நேரம் சிரித்து நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு பிழை விட்டான். தாயிடம் சொன்னான்.

பாலாம்பிகை ஒரு பிறந்தநாள் விழாவில் கனகலிங்கத்திடம் சொன்னாள். “என்ர மகன் ஜெர்மன் பாசையைக் கொம்பியூட்டருக்குள்ள போடுறான் அண்ணை.”

வாய்க்குப் போன ரோல்ஸ் கனகலிங்கத்தின் கையில் அப்படியே நின்றது. “தனிய ஏன் போடுறார்? ஒன்றியம் எதுக்கு இருக்கு?”

தாய் கெஞ்ச, பொடியன் மரியாதைக்கு டோபினின் இணையப் பக்கத்தில் ‘ஜெர்மன் மொழிக்குப் பொறுப்பு’ என்ற இடத்தில் ஒன்றியத்தின் பெயரைப் போட்டான். நியூசிலாந்துக்காரர் சந்தோசப்பட்டார். கூட்டு முயற்சி என்றால் அவருக்கு உயிர். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: பொறுப்பான அமைப்பு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சரிபார்ப்பாளரை நியமிக்க வேண்டும், அந்த ஆள் ‘சரி’ என்று குறி இட வேண்டும். ஒரு சொல் குறையாக இருந்தாலும் மொழி வெளியில் வராது.

அந்தச் சட்டத்தை எங்கள் செயலாளர் கல்யாணசுந்தரம் வாசித்தார். அவர் கோவில் பரிபாலன சபையிலும் செயலாளர். வாசித்து முடித்துச் சொன்னார்: “விளங்கியிட்டுது. உபயம்.”

இங்கேதான் எல்லாம் கெட்டது. கோவில் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பம் பொறுப்பெடுக்கும். அதுதான் உபயம். கொடியேற்றம் ஒரு குடும்பத்துக்கு, தேர் இன்னொரு குடும்பத்துக்கு. ஒருக்கால் எடுத்த நாளைப் பிறகு உயிர் போனாலும் விடமாட்டார்கள். கல்யாணசுந்தரம் கோவில் யாப்பை, அதுதான் சட்டப் புத்தகத்தை, எடுத்தார், ‘சுவாமி’ வருகிற இடத்தில் எல்லாம் ‘சொல்’ என்று மாற்றினார், வேறொன்றும் தொடவில்லை. ‘உபயகாரர் குடும்பஸ்தராக இருத்தல் வேண்டும்’ என்பது அப்படியே நின்றது. ‘ஆண்கள் மேற்சட்டை களைந்து வருதல் வேண்டும்’ என்பதும் நின்றது. மண்டபத்தில் ஹீட்டர் வேலை செய்யாததால் அதை மட்டும் ஒரு திருத்தம் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சொல். அன்றைய உபயகாரர் வீட்டில் இருந்து சிற்றுண்டி. தேவாரம், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. பிறகு யனுஷன் எழுந்து, அன்றைக்குரிய சொல்லை வாசிப்பான். எல்லோரும் “ஓம், அதுதான்” என்பார்கள். பிறகு நன்றியுரை. வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபம் அது. எங்களுக்குப் பிறகு சல்சா ஆடுகிறவர்கள். நன்றியுரை முடிகிற நேரம் அவர்கள் கதவடியில் சப்பாத்தோடு காலைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள்.

சொற்களைப் பங்கு போட்ட அன்றைக்கு நாங்கள் போகவில்லை. இவருக்கு ஹவுன்ஸ்லோவில் ஷிப்ட். வராத ஆட்களின் தலையில் ஆருக்கும் வேண்டாத சொற்களைக் கட்டிவிட்டார்கள். எங்களுக்கு வந்தது ‘பொய்’. கணினி ஒன்றை மெய்யா பொய்யா என்று பார்க்குமாம். ‘மெய்’ பொருளாளர் வீட்டுக்கு. ‘பொய்’ எங்கள் வீட்டுக்கு. எங்கள் குடும்பப் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் உலகம் இருக்கும்வரை இருக்கும். நான் சும்மா விடவில்லை, போன் எடுத்தேன்.

“அக்கா, அது பாட்டுக்கு ஒரு சொல்,” என்றார் கல்யாணசுந்தரம். “அதோட உங்களுக்குப் பொருத்தமாயும் இருக்கு எண்டு சபையில அபிப்பிராயம்.”

சரி, நான் பற்றிஸ் செய்தேன். வேறென்ன செய்ய?

‘திரும்பச் செய்’ என்ற சொல்லுக்குக் கொஞ்சம் அடிபிடி. சுற்றிச் சுற்றி வருகிற சொல் என்பதால் அதுதான் தேர் என்று தீர்மானித்தார்கள். அந்த ஞாயிறு சொல்லைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு, மாலை சூட்டி, கார் நிறுத்துகிற இடத்தைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். போனில் நாதஸ்வரம். நல்ல தூறல். முன்னால் கனகலிங்கம், பின்னால் குடைகள், அதற்குப் பின்னால் பார்க்கிங் தண்டத்துக்கு ரிக்கெற் எழுதுகிற ஒரு பாவப்பட்ட மனுசன். அவன் ஒவ்வொரு காராக எழுதிக்கொண்டு வர, ஊர்வலம் முடிகிறவரை ஒருவரும் காரை எடுக்கவில்லை. தேரை நடுவில் நிறுத்தக்கூடாதாம்.

யனுஷன் தூரத்தில் சுவரில் சாய்ந்து நின்றான். நான் கிட்டப் போனேன்.

“என்ன தம்பி, முகம் செத்துப்போய்க் கிடக்கு?”

“அன்ரி, இது ஒரு சொல். நாங்கள் எழுதி மூண்டு மாசம்.”

“அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?”

“எந்தப் பிள்ளை?” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் கேக்குதுகளாம், எப்ப வரும் எண்டு. அதிபர் புல்லாங்குழலுக்கு ஓடர் குடுத்திட்டா,” என்றான்.

இதற்கிடையில்தான் சகலன்மார் சண்டை. ‘என்றால்’ தலைவருடைய உபயம். ‘இல்லாவிட்டால்’ கோபாலகிருஷ்ணனுக்குக் குலுக்கலில் விழுந்தது. இரண்டும் அருகருகே நிற்கிற சொற்கள் என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தெரியவந்ததும் கனகலிங்கம் நியூசிலாந்துக்கே ஆட்சேபம் எழுதினார். அந்த மனுசன் மிகவும் பணிவாகப் பதில் போட்டார்: ‘என்றால் என்பதற்குப் பின்னால் இல்லாவிட்டால் வருவதுதான் வழக்கம். இதில் உங்கள் குடும்பத்துக்கு என்ன சிரமம் என்று அறிய விரும்புகிறேன்.’ தலைவர் குடும்பச் சிரமத்தை நாலு பக்கத்தில் எழுதி அனுப்பினார். கலியாண வீடியோவையும் இணைத்தார்.

நிலைமை இப்படியே போனால் ஆகஸ்டுக்கு ஆகாது என்று யனுஷன் ஜெனோஜாவைக் கூட்டத்தில் பேச வைத்தான். சுவரில் அவளுடைய முகம் பெரிதாக விழுந்தது. கண்ணாடி போட்ட, களைத்துப்போன பிள்ளை.

“வணக்கம். நான் ஜெனோஜா. வூப்பெர்ற்றாலில படிப்பிக்கிறன்.”

“பிள்ளை ஊரில எவடம்?” என்றார் தலைவர்.

“நான் இங்கதான் பிறந்தனான்.”

“அது சரி. அப்பா எவடம்?”

“அங்கிள், என்ர வகுப்புப் பிள்ளைகள்…”

“அம்மான்ர ஆக்கள்?”

அவள் ஒரு மூச்சு எடுத்துவிட்டு, பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். அலி என்ற ஒருவன் வகுப்பில் வாயே திறக்கமாட்டானாம். கணினியில் படம் கீறும்போது மட்டும் சிரிப்பானாம். அந்த மணித்தியாலம் போய்விட்டால் அவனுக்கு ஒன்றும் இல்லை என்றாள். “எல்லாச் சொல்லையும் ஒரே நாளில ஒத்துக்கொள்ள ஏலாதா? பிழை ஒண்டும் இல்லைத்தானே?”

கனகலிங்கம் எழுந்து சால்வையைச் சரிசெய்தார்.

“பிள்ளை, அவசரப்படாதையும். நான் ஜெர்மனியில பதினாறு வருசம் இருந்தனான். ஜெர்மன்காரன் எனக்குப் படிப்பிச்சது ஒண்டே ஒண்டு. நேரம்! ரயில் ஒரு நிமிசம் பிந்தினா மன்னிப்புக் கேப்பான். அந்த ஒழுங்கை இந்த லண்டனுக்குக் கொண்டுவந்த ஆக்கள் நாங்கள். அதால சொல்லுறன், இதை ஆறுதலா, அடுத்த தைப்பொங்கலுக்குப் பிறகு வடிவாப் பார்ப்பம். அலிக்கு இப்ப என்ன வயசு?”

“எட்டு.”

“காலம் கிடக்கு.”

கைதட்டினார்கள். சல்சாக்காரர் கதவைத் தட்டினார்கள்.

ஆனால் யனுஷன் விடவில்லை. சிற்றுண்டி மேசைக்கு மட்டும் வந்துபோகிற குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்து, சோபாவில் இருத்தி, போனில் ‘சரி’ குறி போட வைத்தான். சகலன்மாரை அவர்களுடைய மனைவிமாரைக் கொண்டு மடக்கினான். அக்காவும் தங்கையும் புருசன்மார் நித்திரையில் இருக்க அவர்களுடைய போனை எடுத்துக் குறி போட்டுவிட்டு, தங்களுக்குள் பேசிச் சிரித்தார்களாம். எங்கள் உபய நாளைச் சகலன்மார் சண்டை தின்றுவிட்டதால் நானும் அப்போதுதான் ‘பொய்’க்குச் சரி போட்டேன். போட்டு முடிய அது மெய்தானே என்று ஒரு குழப்பம் வந்தது, விட்டுவிட்டேன்.

ஜூலை முடிகிற நேரம் ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

‘முடிவு’.

எந்த வேலையும் எழுதி முடிந்த பிறகு ‘முடிவு’ என்று போட வேண்டும். போடாவிட்டால் கணினி ஒன்றும் செய்யாது, பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தச் சொல்லுக்கு உபயகாரர் இல்லை. ஆர் எடுப்பார்? வீட்டில் ஒரு வயசாளி படுக்கையில், வேண்டாம். மகளுக்கு இப்போதுதான் வயிற்றில்; வாயில் எடுக்காதே. வியாபாரக்காரர் கேட்டதும் கதவைச் சாத்தினார். குலுக்கலில் விழுந்த குடும்பம் ஒன்றியத்தை விட்டே விலகி, அவசரமாக ஹவுன்ஸ்லோவுக்கு வீடு மாறியது.

“நான் எடுக்கிறன்,” என்றான் யனுஷன் கூட்டத்தில்.

பாலாம்பிகை கதிரையால் எழும்பிய வேகத்தில் கைப்பை விழுந்தது. “ஐயோ, கலியாணம் பேசிற பொடியன்! பேருக்குப் பக்கத்தில முடிவு எண்டு போட்டா ஆர் பொம்பிளை தருவினம்?”

“அது ஒருபக்கம்,” என்றார் கல்யாணசுந்தரம், யாப்பைப் புரட்டிக்கொண்டு. “தம்பி குடும்பஸ்தர் இல்லை. தனியாள் உபயம் எடுக்க ஏலாது. ஆறாம் பிரிவு.”

“அது கோவில் சட்டம் அங்கிள். இது கொம்பியூட்டர்.”

“தம்பி, கோவிலுக்கே அதுதான் சட்டம். கொம்பியூட்டருக்கு விடுவமா?”

அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. நெடுநேரம் ஜெர்மன், மெதுவாக. ஒரு இடத்தில் அவள் ஏதோ கேட்டாள், இவன் ஒரே ஒரு சொல் சொன்னான். எனக்கு வெங்காயம் கருகிப் போனது.

அடுத்த வாரம் அவனைக் காணவில்லை. ஜெர்மனியில் இருந்த ஆட்களுக்குத் தெரியும், கெதியாகக் கலியாணப் பதிவு எழுத வேண்டும் என்றால் எங்கே போவது என்று. டென்மார்க். அங்கே ஒரு சின்னத் தீவில் அதிகம் கேள்வி கேட்காமல் எழுதிக் கொடுப்பார்கள். ஜெனோஜாவோடு எழுதிவிட்டுத் தாய்க்குப் போன் எடுத்தான்.

“தீவிலயோ?” என்ற பாலாம்பிகையின் குரல் எனக்குச் சுவர் இல்லாமலே கேட்டது. “எங்கட ஆக்கள் தீவுப்பக்கம் சம்பந்தம் செய்யிறேல்லையே மோனை!”

“அம்மா, எங்கட ஊர்த் தீவில்லை, டென்மார்க் தீவு.”

அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. மூன்று நாள் சமைக்கவில்லை. நான்தான் சோறு கொண்டுபோனேன். “சாதகம் பார்க்கேல்ல, தாலி இல்ல, ஒரு புடவைகூட இல்ல. ஒரு சொல்லுக்காக என்ர பிள்ளை தன்னைக் குடுத்திட்டுது,” என்று அழுதாள். ஒரு சொல்லுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சில விசயத்தை நானும் சொல்வதில்லை.

பதிப்புக்கு இரண்டு நாள் இருக்க அவசரக் கூட்டம். கலியாணப் பத்திரத்தை வைத்துக்கொண்டு யனுஷன் நின்றான். பக்கத்தில் அதே கண்ணாடியோடு ஜெனோஜா, காற்சட்டையும் மழைக்கோட்டும். கையில் ஒரு பை, அதற்குள் பிள்ளைகள் கீறிய படங்கள்.

கல்யாணசுந்தரம் பத்திரத்தை முன்னும் பின்னும் பார்த்தார். “இது கலியாணம்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா தாலி இல்லாமல், அக்கினி இல்லாமல், இது குடும்பமோ எண்டுறது கேள்வி.”

“நல்ல கேள்வி,” என்றார் கனகலிங்கம். “ஒரு உபகுழு போடுவம். எங்கட பண்பாட்டில…”

“ஆரின்ர குடும்பம் குடும்பமில்லை?”

கேட்டது பாலாம்பிகை. அவள் வருவாள் என்றே நான் எதிர்பார்க்கவில்லை. கையில் ஒரு பெரிய தட்டு, வெள்ளித்தாள் மூடினது. ரோல்ஸ். மூன்று நாள் சமைக்காத பொம்பிளை.

“கனகலிங்கம் அண்ணை, நீங்கள் அங்க விசாவுக்காண்டி ஒரு வெள்ளைக்காரியைக் கலியாணம் எழுதினனீங்கள். அதுக்கு எந்த அக்கினி மூட்டினனீங்கள்? நான் வாய் திறக்கேல்ல இவ்வளவு காலமும். என்ர மகன், என்ர மருமகள். இது உபயச் சிற்றுண்டி. சாப்பிடுங்கோ.”

கோபாலகிருஷ்ணன்தான் முதல் ஆளாக எழுந்து ஒரு ரோல்ஸ் எடுத்தார். வாழ்க்கையில் ஒரு ரோல்ஸை அவ்வளவு சந்தோசமாகச் சாப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

குடும்பத்தின் பேரில் ஜெனோஜா போனில் குறி போட்டாள். அவ்வளவுதான். தலைவர் தேறி எழுந்து, முடிவு என்பது உண்மையில் ஒரு தொடக்கமே என்று தொடங்கினார். சல்சாக்காரர் அன்றைக்குக் காத்திருக்காமல் உள்ளே வந்து பாட்டைப் போட்டார்கள்.

பதிப்பு வந்தது. எங்கள் எல்லாருடைய பெயரும் ஒருவரும் திறந்து பார்க்காத ஒரு பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கிறது. அந்த அலி, பூனை ஒன்று மதிலில் ஏறி இறங்குகிற மாதிரி எழுதினானாம். கடைசி வரியில் ‘முடிவு’ என்று போட்டதும் பூனை உட்கார்ந்ததாம். அவன் எழும்பி வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தச் சொல்லைச் சொன்னானாம். புல்லாங்குழல் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

யனுஷன் வேலையை மாற்றிக்கொண்டு வூப்பெர்ற்றாலுக்கே போய்விட்டான். கோபாலகிருஷ்ணன் பிரிந்துபோய் நோர்பரியில் தனி ஒன்றியம் தொடங்கினார். ‘இல்லாவிட்டால்’ தங்களுக்கே சொந்தம் என்று கடிதத் தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். கனகலிங்கத்தின் ஒன்றியம் இல்ஃபோர்ட்டில் இன்னும் ஞாயிறு தோறும் கூடுகிறது. சொல் ஒன்றும் மிச்சம் இல்லை. போன வாரமும் நன்றியுரை நடந்தது.

பேரப்பிள்ளை பிறந்ததும் பாலாம்பிகையும் போய்விட்டாள். ஜெர்மனி வேண்டாம் என்று வந்தவள், இருபது வருசம் கழித்துத் திரும்பிப் போனாள். போகிற அன்று எனக்கு அவளுடைய பெரிய தட்டைத் தந்தாள். “சுவரால கேட்டதெல்லாத்தையும் ஊருக்குச் சொல்லிப்போடாதை,” என்றாள். ஓம் என்றேன்.

அந்த வீட்டுக்கு இப்போது முருகேசன், பிரீத்தா என்று மதுரைப் பக்கம் ஒரு இளம் தம்பதி வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் டொக்டர்மார். நல்ல பிள்ளைகள், கண்டால் கும்பிடுவார்கள். ஆனால் வீட்டுக்குள் மிக மெதுவாகப் பேசுகிறார்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டினாலும் ஒரு சொல் கேட்கவில்லை.